வீட்டறைக்குள் ஓர் ஒலிக்கூடம்

வீணை, புல்லாங்குழல், நாகசுரம் ஆகிய மூன்றையும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்வதாக வைத்துக்கொள்வோம். நம் கண்களைக் கட்டிவிட்டாலும் எது வீணை, எது குழல், எது நாகசுரம் என்று நொடிப்பொழுதில் சொல்லிவிடுகிறோம். சுருதி ஒன்று, உரப்பும் ஒன்று. பின் எதைக் கொண்டு நம் செவி இவற்றை வேறுபடுத்தி அறிகிறது?

ஒலியின் பண்பைக் கொண்டு என்று இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். நொடிக்கு 220 தடவை அதிரும் ஒரு தந்தி, 220 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் தருவதில்லை. அதனுடன் 440, 660, 880 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. இவற்றுள் எது எவ்வளவு வலிமையுடன் கலந்திருக்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறுபடும். ஒலி எப்படி எழுகிறது, எப்படித் தேய்கிறது என்பதும் மாறுபடும். மீட்டிய தந்தி சட்டென்று எழுந்து மெல்லத் தேயும். ஊதும் குழலோ மூச்சு உள்ளவரை நிலைத்து நிற்கும்.

இதையே தலைகீழாக எண்ணிப் பாருங்கள். மேற்சுரங்களின் கலவையையும், ஒலியின் எழுச்சி வீழ்ச்சியையும் மின்சுற்றுகளைக் கொண்டு நம் விருப்பப்படி அமைக்க முடிந்தால், மரமும் தோலும் தந்தியும் இல்லாமலே ஒலியைப் படைக்கலாமல்லவா? அவ்வாறு படைக்கும் கருவியே சிந்தசைசர். தமிழில் ஒலித்தொகுப்பான் எனலாம்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும், தம் வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்ட இசைக்கலைஞர்கள் பலர். அவ்வறைகளில் ஒருபுறம் நாலைந்து ஒலித்தொகுப்பான்கள் இருக்கும். மறுபுறம் இரும்புச் சட்டத்தில் அடுக்கிய பெட்டிகள் விளக்குகள் மின்ன நிற்கும். இவற்றுள் சில கருவிகளை அவர்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகியும் கைவிட மறுக்கிறார்கள். அவற்றின் உள்ளே நிகழ்வது என்ன என்று பார்ப்போமா?

செதுக்கி எடுக்கும் முறை

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் மோக் ஓர் இயற்பியல் பொறியாளர். மாணவப் பருவத்திலேயே எலெக்ட்ரானிக் இசைக்கருவிகளைச் செய்து விற்றவர். ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து 1964-இல் மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ஒலிக்கருவி ஒன்றை உருவாக்கினார். அக்கருவிகள் ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவை. 1970-இல் வெளிவந்த மினிமோக், அவற்றின் சாரத்தை ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பெட்டியில் அடக்கியது.

அதில் மூன்று அலையியற்றிகள் உள்ளன. இவை தருவது தூய சைன் அலையன்று. ரம்பப்பல் அலை, சதுர அலை போன்றவை. ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. இரண்டாவது சுரத்தின் வீச்சு முதலாவதில் பாதி. மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு. இப்படியே குறைந்துகொண்டு போகும். சதுர அலையிலோ 1, 3, 5 என ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உள்ளன. அதனால்தான் அது உள்ளீடற்ற மூங்கிலைப் போல ஒலிக்கிறது.

சிற்பி கல்லில் வேண்டாததைச் செதுக்கி நீக்குவதுபோல, மேற்சுரங்கள் நிறைந்த இவ்வலையிலிருந்து வேண்டாதவற்றை ஒரு வடிப்பான் நீக்குகிறது. மோக்கின் புகழ்பெற்ற வடிப்பானைத் தாளில் வரைந்தால் ஏணியைப்போல் தோன்றும்: இருபுறமும் டிரான்சிஸ்டர்கள், படிகளைப்போல் குறுக்கே மின்தேக்கிகள். மொத்தம் நான்கு படிகள். குறிப்பிட்ட எல்லைக்கு மேல் அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு படியும் வீச்சைப் பாதியாக்கும். நான்கு படிகளையும் கடந்தால் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தினால், எல்லைக்கு அருகிலுள்ள மேற்சுரங்கள் மட்டும் ஒத்ததிர்வினால் ஓங்கி ஒலிக்கும்.

இதன் பயனை உங்கள் வாயைக் கொண்டே அறியலாம். ஒரே சுருதியில் நின்று "ஊ" என்று தொடங்கி, மெல்ல வாயைத் திறந்து "ஆ" என்று முடியுங்கள். குரல்நாண்களின் அதிர்வு மாறவில்லை. வாயின் வடிவம் மாறியதால் வடிகட்டப்படும் மேற்சுரங்கள் மாறின. மினிமோக்கின் வடிப்பான் குமிழைத் திருப்புவதும் ஏறத்தாழ இதுவே.

மூன்று அலையியற்றிகள் எதற்கு? ஒன்றை 220 ஹெர்ட்ஸிலும் மற்றொன்றை 221 ஹெர்ட்ஸிலும் வைத்தால் நொடிக்கு ஒரு விம்மல் எழும். மேற்சுரங்களிலோ நொடிக்கு இரண்டு, மூன்று, நான்கு விம்மல்கள் எழும். ஒலி ஓரிடத்தில் நில்லாமல் உயிருள்ளதுபோல் அசையும். மினிமோக்கின் ஒலி "தடித்தது" என்று இசைக்கலைஞர்கள் புகழ்வதற்கு இவ்விம்மல்கள் ஒரு முக்கியக் காரணமாகும்.

வெப்பம் ஏறினால் சுருதி விலகும்

மோக்கின் கருவிகளில் ஒரு வோல்ட் மின்னழுத்தம் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும். அதாவது அதிர்வெண் இரட்டிக்கும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள். ஆகவே ஓர் அரைச்சுரத்திற்கு 83 மில்லிவோல்ட் ஆகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதிர்வெண் பெருக்கு விகிதத்தில் உயரவேண்டும். இக்கணக்கைச் செய்துதருவது ஒரு சாதாரண டிரான்சிஸ்டரே. அதன் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூட்டினால் அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும். இயற்கை தந்த கணக்கு எந்திரம்!

ஆனால் அந்த 18 மில்லிவோல்ட் என்பது அறை வெப்பநிலைக்கு உரிய அளவு. அது தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். அறையின் வெப்பம் 300 கெல்வினிலிருந்து 303 கெல்வினுக்கு ஏறினால் மாற்றம் நூற்றில் ஒரு பங்கு. ஈடுசெய்யும் சுற்று இல்லாவிட்டால், ஒவ்வொரு ஸ்தாயியும் அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு விலகிப்போகும். மூன்று ஸ்தாயிகளைத் தாண்டினால் அந்தப் பிழை தேர்ந்த செவிக்கு மட்டுமன்றி நம் செவிக்கும் தெரியும். மேடை விளக்குகளின் சூட்டில் பழைய கருவிகளைச் சுருதி சேர்க்க இசைக்கலைஞர்கள் பட்ட பாட்டிற்கு இதுவே காரணம்.

நினைவாற்றல் பெற்ற கருவி

மினிமோக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். மேலும், பல குமிழ்களைத் திருப்பி அரும்பாடுபட்டு அமைத்த ஒலியை அது நினைவில் வைத்திருக்காது. தாளில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவ்விரு குறைகளையும் 1978-இல் தீர்த்தது கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித் என்பவரின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிராபெட்-5. ஐந்து சுரங்களை ஒருங்கே ஒலித்தது. அதிலிருந்த நுண்செயலி, அழுத்திய கட்டைகளைக் கண்டறிந்ததோடு, குமிழ்களின் நிலைகளை எண்களாக்கி நினைவகத்தில் சேமித்தும் வைத்தது. 40 ஒலிகளை வேண்டும்போது பொத்தானைத் தட்டி அழைக்கலாம்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஜூனோ-106 சுருதிச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. நிலையான ஒரு கடிகாரத் துடிப்பை எண்ணி வகுத்து, அதனால் அலையியற்றியின் அதிர்வெண்ணை நிர்ணயித்தது. துடிப்புகளை எண்ணுவதற்கு வெப்பம் ஒரு பொருட்டன்று. ஆனால் ஒரு குரலுக்கு ஓர் அலையியற்றிதான். எனவே விம்மல் இல்லை. அதை ஈடுகட்டவே ஜூனோவில் ஒரு தாமதச் சுற்று சேர்க்கப்பட்டது. தீயை அணைக்க வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றுவோமல்லவா? அதுபோல நூற்றுக்கணக்கான மின்தேக்கிகள் ஒன்றிடமிருந்து ஒன்றாக மின்னூட்டத்தை வாங்கிக் கடத்தும். ஒலி சிறிது தாமதமாகி, அத்தாமதமும் மெல்ல ஏறி இறங்கி, மூல ஒலியுடன் கலக்கும்போது, ஒருவர் பாடியது பலர் சேர்ந்து பாடியதுபோல் விரிகிறது.

பண்பேற்றத்தின் வியப்பு

வானொலிப் பாடத்தில் அதிர்வெண் பண்பேற்றம் பற்றிப் படித்திருப்பீர்கள். ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையைக் கொண்டு ஏற்றி இறக்குவது அது. 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்னும் இசையமைப்பாளர், கணிப்பொறியில் கமகம் போன்ற அசைவை உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஓர் எல்லைக்கு மேல் அது அசைவாகக் கேட்கவில்லை. ஒலியின் பண்பே மாறிவிட்டது!

காரணம் எளிது. ஊர்தி அலை 200 ஹெர்ட்ஸ், பண்பேற்றும் அலையும் 200 ஹெர்ட்ஸ் என்றால், 400, 600, 800 என்று பக்கப்பட்டைகள் தோன்றும். இவை முறையான மேற்சுரங்கள்; இன்னிசை ஒலி. பண்பேற்றும் அலையை 280 ஹெர்ட்ஸ் ஆக்கினால் 480, 760, 1040 என்றும், மறுபுறம் 80, 360, 640 என்றும் எழும். இவை 200-இன் முழு மடங்குகள் அல்ல. கோயில் மணி போன்ற உலோக ஒலி கேட்கும். இரண்டே அலைகளைக் கொண்டு எத்தனை விதமான ஒலிகள் பாருங்கள்! பண்பேற்றத்தின் ஆழத்தைக் கூட்டினால் மேற்சுரங்கள் பெருகும், குறைத்தால் அருகும். ஆழத்தையே காலத்தோடு மாறச் செய்தால், எழும்போது கூர்மையாகவும் தேயும்போது மென்மையாகவும் ஒலிக்கும் இயற்கைக் கருவிகளின் போக்கும் கைகூடும்.

இம்முறைக்கு உரிமம் பெற்ற யமஹா நிறுவனம் 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கருவியை வெளியிட்டது. ஒவ்வொரு குரலுக்கும் ஆறு சைன் அலைகள். அவற்றை இணைக்க 32 முறைகள். ஒருங்கே 16 குரல்கள். நுட்பமாகச் சொன்னால், அதில் நிகழ்வது அலையின் கட்டத்தை மாற்றும் பண்பேற்றம், விளைவு ஒன்றே. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன.

இங்குதான் கவனிக்க வேண்டிய ஒன்று நிகழ்ந்தது. டி.எக்ஸ்.7-இல் திருப்பிப் பார்க்கக் குமிழ்கள் இல்லை. பொத்தான்களும் சிறு எழுத்துத் திரையும், நூற்றுக்கு மேற்பட்ட எண்களுமே இருந்தன. அவற்றின் பொருள் புரியாதவர்கள், நிறுவனம் சேர்த்துத் தந்த ஒலிகளையே வாசித்தார்கள். எனவே 1980களின் பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ, ஒரே மணியோசை, ஒரே தாழ்சுரத் தந்தி. எண்ணற்ற ஒலிகளைப் படைக்கவல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, உலகமே ஒருசில ஒலிகளில் நின்றுவிட்டது. குறை கருவியிலா, அதை அறியாத நம்மிலா?

ஐந்து ஊசிச் செருகி

ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேச ஒரு பொதுமொழி வேண்டுமல்லவா? டேவ் ஸ்மித்தும், ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ கக்கெஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்களை ஒன்றுகூட்டி அமைத்த மொழி மிடி எனப்படும். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் பிராபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது.

மிடிக் கம்பியில் ஒலி செல்வதில்லை. கட்டளை மட்டுமே செல்கிறது. "இந்தக் கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகத்தில்" என்று மூன்று எண்கள். நடு ஸ்தாயியின் 'சி' என்னும் கட்டைக்கு எண் 60. நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும். மூன்று எண்களுக்கு 30 பிட்டுகள் ஆகையால், ஒரு கட்டளை சேர ஒரு மில்லிநொடி பிடிக்கும். பத்து விரல்களாலும் ஒருசேர அழுத்தினால் கடைசிச் சுரம் பத்து மில்லிநொடி பிந்தும். இது பெரிய தாமதமா? காற்றில் ஒலி பத்து மில்லிநொடியில் செல்வது 3.4 மீட்டர். ஆகவே பக்கவாத்தியக்காரர் நம்மிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதைப் போன்றதே இது.

பத்தொன்பது அங்குலச் சட்டம்

மிடி வந்தபின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விசைப்பலகை வேண்டியதில்லை என்றாயிற்று. ஒரு விசைப்பலகை போதும். மற்றவை வெறும் பெட்டிகளாக இருக்கலாம். அப்பெட்டிகளை அடுக்க, தொலைபேசி நிலையங்களில் முன்னரே வழக்கிலிருந்த இரும்புச் சட்டம் உதவியது. அதன் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரம் 44.45 மி.மீ. கொண்ட அலகுகளால் அளக்கப்படும். இச்சட்டத்தையே ரேக் என்கிறோம்.

1987-இல் வந்த யமஹா டி.எக்ஸ்.81இசட், பண்பேற்ற முறையை ஓர் அலகு உயரத்தில் அடக்கியது. ஆறுக்குப் பதில் நான்கு அலைகள்தாம். ஆனால் சைன் அலையோடு வேறு ஏழு வடிவங்களும் உண்டு. 1994-இல் வந்த ரோலண்டின் ஜே.வி.1080, இயற்கைக் கருவிகளின் பதிவுசெய்த ஒலிகளை நினைவகத்தில் கொண்டிருந்தது. ஒருங்கே 64 குரல்கள். வயலின் குழு, தாரை, முரசு எல்லாம் இரண்டு அலகு உயரப் பெட்டிக்குள்! இரண்டும் வீட்டுக் கூடக்காரர்கள் இன்றும் தேடி வாங்கும் பெட்டிகள்.

ஒளியால் ஒலியை அடக்குதல்

ரேக்கில் ஒலியைப் படைக்கும் பெட்டிகள் மட்டுமல்ல, பதப்படுத்தும் பெட்டிகளும் உண்டு. முதலாவது முன்பெருக்கி. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதைப் பதிவுக்கருவிக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்தச் சிலவேளை ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். அப்போது மைக்கிலும் பெருக்கியிலும் உள்ள இரைச்சலும் ஆயிரம் மடங்காகும். தொடக்கத்தில் கலந்த இரைச்சலைப் பின்னர் வரும் எந்த விலையுயர்ந்த பெட்டியாலும் முழுதும் நீக்க முடியாது. ஆதலால்தான் அனுபவமுள்ளவர்கள் முதல் கண்ணிக்கே முதலிடம் தருகிறார்கள்.

அடுத்தது அமுக்கி. பாடகர் ஒருவர் ஒரு சொல்லை முணுமுணுப்பார்; அடுத்த சொல்லை உரக்கப் பாடுவார். அமுக்கி, குறித்த எல்லைக்கு மேற்பட்ட ஒலியைக் குறைக்கும். 4-க்கு 1 என்று அமைத்தால், எல்லையை 12 டெசிபல் மீறிய ஒலி 3 டெசிபல் மீறியதாக வெளிவரும்.

1960களில் பிறந்த எல்.ஏ.2ஏ என்னும் அமுக்கி இதை ஒளியால் செய்கிறது. உள்ளே ஓர் ஒளிர்தகடும் அதன் எதிரே ஓர் ஒளியுணர் மின்தடையும் இருக்கின்றன. ஒலி ஓங்கினால் தகடு ஒளிரும். ஒளி பட்டவுடன் மின்தடை குறையும். அதன் வழியே குறிகையின் ஒரு பகுதி தரைக்கு இறங்கிவிடும். வியப்பு இனித்தான். இருட்டறைக்குள் நுழைந்த நம் கண்ணைப்போல, இந்த ஒளியுணர் பொருள் தன் பழைய நிலைக்கு உடனே திரும்புவதில்லை. பாதி தூரம் விரைவாகவும், மீதி தூரம் சில நொடிகளில் மெல்லவும் மீள்கிறது. அதிக நேரம் ஒளி பட்டிருந்தால் இன்னும் மெதுவாக மீளும். ஒரு பொருளின் சோம்பலே பாடகரின் குரலுக்கு இதமாக அமைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது அதே காலத்தில் பில் புட்னம் வடிவமைத்த 1176. புலவிளைவு டிரான்சிஸ்டரை மின்தடையாகப் பயன்படுத்தும் இது, நொடியின் பத்து லட்சத்தில் 20 பங்கு நேரத்திலேயே செயலில் இறங்கும். முரசின் அடியைப் பிடிக்க இது. குரலைத் தழுவிச் செல்ல அது.

அறைக்குள் அரங்கம்

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் பருமன் 36 கன மீட்டர். பாயும் திரைச்சீலையும் மெத்தையும் சேர்ந்து 12 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடாக ஒலியை உட்கவர்வதாகக் கொள்வோம். சபைன் என்ற இயற்பியலறிஞரின் வாய்பாட்டின்படி எதிர்முழக்க நேரம் 0.161 × 36 ÷ 12, அதாவது ஏறத்தாழ அரை நொடி. பெரிய இசை அரங்கில் இது இரண்டு நொடி. வீட்டில் பதிவான பாட்டு வறண்டு ஒலிப்பது இதனால்தான்.

இக்குறையைப் போக்க ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் 1957-இல் ஒரு வழி கண்டது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எஃகுத் தகட்டை இறுகக் கட்டித் தொங்கவிட்டு, அதை ஒலியால் அதிரச் செய்தார்கள். அதிர்வு விளிம்புகளில் மோதி மோதித் திரும்புவதைப் பிடித்து மூல ஒலியோடு கலந்தார்கள். ஆனால் சட்டத்துடன் அதன் எடை 250 கிலோவுக்கு மேல்! வீட்டறையில் அதற்கு ஏது இடம்?

பெல் ஆய்வுக்கூடத்தின் மான்பிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்திலேயே, எதிரொலிகளைக் கணிப்பொறியில் எண்களாகவே உண்டாக்கலாம் என்று காட்டியிருந்தார். 1970களின் பிற்பகுதியில் அக்கருத்து பெரும் கூடங்களுக்கான எந்திரமாயிற்று. 1980களின் நடுவில் யமஹா எஸ்.பி.எக்ஸ்.90 என்னும் ஓரலகுப் பெட்டியாக வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. கால் டன் எஃகின் வேலையைச் சில சில்லுகள் ஏற்றன.

வேண்டாத விருந்தாளி

பெட்டிகளை இணைத்தவுடன் பலரை வாட்டுவது "ம்ம்ம்" என்ற உறுமல். நம் நாட்டு மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. இரண்டு பெட்டிகள் இருவேறு இடங்களில் தரையிணைப்புப் பெற்று, ஒலிக்கம்பியின் உறை வழியாகவும் இணைந்தால், ஒரு மூடிய வளையம் உருவாகிறது. அருகிலுள்ள மின்மாற்றிகளின் காந்தப்புலம் அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். ஃபாரடே விதி நம் பாட்டிலும் புகுந்துவிடுகிறது!

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுப்பது எளிய மருந்து. சமநிலைக் கம்பி மற்றொன்று: இரு கம்பிகளில் ஒரே குறிகையை எதிரெதிராக அனுப்பி, முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், குறிகை இரட்டிக்கும், இரண்டிலும் ஒரேபோல் புகுந்த உறுமல் அழிந்துபோகும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். உறுமலைப் போக்குவதற்காக மின்செருகியின் தரையிணைப்பை வெட்டிவிடச் சொல்வார்கள் சிலர். ஒருபோதும் செய்யாதீர்கள். பழுதான பெட்டியின் உலோக உடலில் மின்னழுத்தம் ஏறினால் நம்மைக் காப்பது அந்தக் கம்பி ஒன்றே.

வீடு கூடமான கதை

1979-இல் ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம், சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் போர்ட்டாஸ்டுடியோவை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் அதில் பதிந்த மாதிரிப் பாடல்களே, 1982-இல் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தன. 1992-இல் விற்பனைக்கு வந்த அலெசிஸ் நிறுவனத்தின் அடாட், வீடியோ கேசட்டில் எட்டுத் தடங்களை எண்களாகப் பதிந்தது. பெரிய கூடங்களின் தரம் நடுத்தர வருவாயினருக்கும் எட்டியது.

நம்மிடையேயும் இதற்குச் சான்று உண்டு. ஏ. ஆர். ரகுமான் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற கூடத்தை 1989-இல் தொடங்கினார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள் அங்கேதான் உருவாயின.

இம்மாற்றத்தால் எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1982-இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை ஒன்று, ஒலித்தொகுப்பான்களுக்குத் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. இருபது வயலின்காரர்கள் செய்த வேலையை ஒரு பெட்டி செய்தால், அவர்களுடைய கூலி எங்கே போகும்? வீட்டுக்கு வந்த கூடம் சிலருக்குக் கதவைத் திறந்தது, சிலருக்கு மூடியது. இரண்டும் உண்மை.

மூப்பும் தேர்வும்

இக்கருவிகளுக்கும் மூப்பு உண்டு. மின்பகுளி மின்தேக்கிகள் உலர்ந்துபோகும். நினைவகத்தைக் காக்கும் மின்கலம் தீர்ந்தால், சேமித்த ஒலிகள் மறைந்துபோகும். ஜூனோ-106-இன் குரல் சில்லுகள்மேல் பூசிய பிசின் நாளடைவில் கெட்டு, குரல்கள் ஒவ்வொன்றாக ஊமையாகும். பழுதுபார்ப்போர் அப்பிசினை அசிட்டோனில் ஊறவைத்து அகற்றிச் சில்லை மீட்கிறார்கள். விரும்புவோர் மிகுந்ததால் மினிமோக் 2016-இலும், பிராபெட்-5 2020-இலும் மீண்டும் செய்யப்பட்டன.

இன்று இவற்றின் கணிப்பொறி வடிவங்கள் கிடைக்கின்றன. அவை மூலத்துக்கு ஈடாகுமா? டி.எக்ஸ்.7 தொடக்கத்திலிருந்தே எண்கணக்கால் ஆனது. அதே கணக்கைக் கணிப்பொறி செய்தால் ஏறத்தாழ அதே ஒலி வரும். மினிமோக்கின் ஏணி வடிப்பானோ டிரான்சிஸ்டர்களின் வளைகோட்டுப் பண்பை நம்பியிருப்பது. அதன் சமன்பாடுகளைத் தீர்ப்பது கடினம். ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வருகிறார்கள்.

ஆகவே, இசையில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் கடன்பட்டு ரேக் நிறையப் பெட்டிகளை வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு நல்ல மைக், இரைச்சல் குறைந்த முன்பெருக்கி, கனத்த திரைகள் தொங்கும் அமைதியான அறை, ஒரு கணிப்பொறி. இவை தொடக்கத்துக்குப் போதும். வாங்க முடியாத ஒன்று உண்டு. அது, குமிழைத் திருப்பினால் உள்ளே என்ன நிகழ்கிறது என்ற அறிவு. அதை இன்றே தொடங்கலாம்.

செய்து பாருங்கள்

ஆடாசிட்டி என்ற இலவசக் கணிப்பொறி நிரலில் 200, 400, 600, 800, 1000 ஹெர்ட்ஸ் சைன் அலைகளை ஐந்து தனித்தனித் தடங்களில் உண்டாக்குங்கள். வீச்சுகள் முறையே 0.4, 0.2, 0.13, 0.1, 0.08 இருக்கட்டும். சேர்த்து ஒலித்தால், ரம்பப்பல் அலையின் தொடக்கத்தைக் கேட்பீர்கள். 400, 800 ஆகியவற்றை நிறுத்துங்கள், ஒலி உள்ளீடற்றதாகும். அவற்றை மீண்டும் சேர்த்து, 201 ஹெர்ட்ஸில் மேலும் ஒரு தடத்தை 0.08 வீச்சில் கூட்டுங்கள். நொடிக்கு ஒரு விம்மல்.

கடைசியாக, 201-ஐ நீக்கிவிட்டு, அடிப்படையான 200 ஹெர்ட்ஸையும் நிறுத்திவிடுங்கள். 400, 600, 800, 1000 மட்டுமே ஒலிக்கின்றன. சுருதி உயர்ந்ததா? இல்லை. ஒலி மெலிந்தாலும் சுருதி 200-லேயே நிற்கிறது! இல்லாத ஒன்றை, மற்றவற்றின் இடைவெளியைக் கொண்டு நம் செவியும் மூளையுமே இட்டு நிரப்பிக்கொள்கின்றன. எந்த நிறுவனமும் விற்காத ஒலித்தொகுப்பான் ஒன்று நம் ஒவ்வொருவரின் தலைக்குள்ளும் இருக்கிறது. முதலில் அதைப் பழக்குவோம்.